ரோசத்துக்கு வேர் தேடி வந்தவர்கள்

செல்லமுத்துவுக்கு ரோசம் வந்தது நியாயமான விஷயம். கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் யாரை நிறுத்திக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். தங்கச்சி பாவாயியின் மகள் விஜயாவுக்கு நிச்சயதார்த்தம். செல்லமுத்து தாய்மாமன். முதல் தாம்பூலத் தட்டு தாய்மாமன் கைக்குத்தான் போக வேண்டும். பாவாயியின் புருஷன் ராசாமணி நல்லவர்தான், ஆனால் நாலு பேர் கூடினால் கை கால் ஓடாது. பதற்றத்தில், மாப்பிள்ளை வீட்டாரோடு கீழ்நாட்டிலிருந்து ஜீப்பில் வந்திருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் தட்டை நீட்டிவிட்டார். கொடுத்தால் வாங்கிக்கொள்கிற மனுஷன் அவர், வாங்கிக்கொண்டார். செல்லமுத்து எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், இலையில் விழுந்த சோற்றைத் தொடாமல் பள்ளம் இறங்கி மேடேறித் தன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதற்கு அந்த நாட்டில் முறையான வைத்தியம் உண்டு. தப்புச் செய்தவர் வெற்றிலைத் தட்டோடு கூப்பிட வருவார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாங்க" என்பார். ரோசப்பட்டவர், "வரமாட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். முதல் தடவை கூப்பிட்டதுமே எழுந்து ஓடுகிறவனை ஊர் சல்லிக்காசுக்கு மதிக்காது. கூப்பிட வந்தவருக்கும் இது தெரியும். அவர் முகம் வாடாமல் திரும்பிப் போய்விடுவார். ஒன்றிரண்டு நாள் கழித்து வீட்டுப் பெண்கள் வருவார்கள். தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்திருப்பார். அத்தோடு சரி.

வேற்றாள் மேல் கோபம் வரும், ரோசம் வராது. ரோசப்பட வேண்டுமென்றால் எதிராளி நம்மவனாக இருக்க வேண்டும், எப்படியும் வந்து கூப்பிடுவான் என்று தைரியம் இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் செல்லமுத்து கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சொல்வேர் ஆராய்ச்சிக் கழகம் மலையேறியது.

கழகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். தமிழில் உள்ள எல்லாச் சொல்லுக்கும் வேர் கண்டுபிடித்துப் பேரகராதி போடுவதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. இயக்குநர்கள் ஓய்வு பெற்றார்கள், கட்டடங்கள் மாறின, அகராதி மட்டும் அவசரப்படாமல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, தொண்ணூற்றொன்பதில் 'ர'வுக்கு வந்து நின்றது. தமிழ்ச் சொல் எதுவும் 'ர'வில் தொடங்காது என்று இலக்கணம் சொல்கிறது. அப்படியானால் இந்த எழுத்தைத் தாண்டிப் போய்விடலாமே என்று ஒரு குமாஸ்தா கேட்டாராம். அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். 'ர'வுக்கென்று ஒதுக்கீடு வந்துவிட்டது, ஆட்கள் போட்டாயிற்று. சொல் இல்லை என்பதற்காக எழுத்தை மூட முடியுமா? ஆகவே 'ரோசம்' என்ற ஒரு சொல்லை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

இயக்குநர் முனைவர் அர்த்தனாரியின் கட்சி, அது தூய தமிழ் என்பது. துணை இயக்குநர் முனைவர் தேவராஜின் கட்சி, அது வடக்கிலிருந்து வந்தது என்பது. இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தபாலில் மறுப்புக் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், நாகரிகம் தீண்டாத மலையில் போய்ப் பார்த்தால் உண்மை தெரியும் என்று முடிவாயிற்று. அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கிய கொண்டை ஊசி வளைவுகள் இருவருடைய வயிற்றையும் பாரபட்சமில்லாமல் கலக்கிவிட்டன. செம்மேட்டு டீக்கடையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "இங்கே யாருக்காவது ரோசம் உண்டா?" என்று இயக்குநர் விசாரித்தார். அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். நல்லவேளையாக ஒருவர், "செல்லமுத்து இப்ப ரோசத்துலதான் இருக்காருங்க, போய்ப் பாருங்க" என்று வழி காட்டிவிட்டார்.

கட்டிலில் கிடந்த செல்லமுத்துவின் முகத்துக்கு நேரே ஒரு டேப் ரிக்கார்டர் வந்து நின்றது.

"ஐயா, இந்த நிமிடம் உங்களுக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் இயக்குநர்.

"ராகிக் கூழுங்க."

"அது இல்லை. உணர்வு. கோபமா?"

"இல்லீங்க."

"மானமா?"

"அது வேறங்க."

"அப்படியானால் வீம்பு என்று கொள்ளலாமா?"

"அதேதானுங்க!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கண்ணாயியின் குரல் வந்தது.

தேவராஜ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இயக்குநருக்குக் கண்கள் பனித்தன. முற்றத்தில் கோழிகளைத் தவிர வேறு கூட்டம் இல்லை என்றாலும் அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிற குரலில் பேசினார்.

"மலைவாழ் பெருமக்களே! நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. நீங்கள் சும்மா இருந்தாலே தமிழ் தெரியும். 'உரு' என்றால் சினம். உருத்தல், உரோசம். கீழ்நாட்டிலிருந்து உங்கள் முன்னோர் மலையேறியபோது மூச்சு வாங்கியதில் முன்னால் இருந்த உகரம் விழுந்துவிட்டது. இதை நான் கட்டுரையாக எழுதியிருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை."

"நான் மறுத்திருக்கிறேன்," என்றார் தேவராஜ்.

"யாரும் மறுக்கவில்லை," என்றார் இயக்குநர் மறுபடி.

அப்போதுதான் ராசாமணி வெற்றிலைத் தட்டோடு வந்தார். பாவம், இரண்டு நாளாகத் தைரியம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். துண்டை இடுப்பில் கட்டி, தலையைக் குனிந்து, "மச்சான், தப்பு என்னுதுதான். ஊட்டுக்கு வாங்க" என்றார்.

செல்லமுத்துவுக்கு உள்ளுக்குள் வெண்ணெய் உருகிற்று. ஆனாலும் முறை முறைதான். "வரமாட்டேன் மாப்ள" என்றார் சுவரைப் பார்த்து.

இயக்குநர் கைதட்டினார். தேவராஜ் டேப்பைப் போட்டுக் கேட்டுவிட்டு, "சார், 'ஊட்டுக்கு' என்கிற இடத்தில் கோழி கத்திவிட்டது. இன்னொரு தடவை எடுக்க வேண்டும்" என்றார். ராசாமணியை வேலியோரம் கூட்டிப்போய் நிறுத்தி, அங்கேயிருந்து மறுபடி நடந்து வரச் சொன்னார்கள். வந்தார். தலை போதுமான அளவு குனியவில்லை என்றார் இயக்குநர். மறுபடி வந்தார். அதற்குள் வெற்றிலை வாடிவிட்டது, ராசாமணியின் முகமும் வாடிவிட்டது. மச்சான்தான் இந்த ஆட்களைக் கூட்டி வந்து தன்னைக் கூத்தாட வைக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். தட்டை ணங்கென்று கட்டில் காலடியில் வைத்துவிட்டுப் போனார். செல்லமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. ரோசப்பட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் முறைதான்.

"அருமை!" என்றார் இயக்குநர். "உறுதியான, இறுதியான மறுப்பு. வல்லுநர் குழு நேரில் பார்த்தாக வேண்டும். அதுவரை இந்த உணர்வு இப்படியே இருக்க வேண்டும்."

"அது தானா போயிருமுங்க. தங்கச்சி வரும், போயிரும்" என்றார் செல்லமுத்து.

"போகக் கூடாது. இன்றிலிருந்து நீங்கள் கழகத்தின் தகவலாளி."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று செல்லமுத்துவுக்குத் தெரியவில்லை. ஆனால் முற்றத்தில் ஒரு பலகையை நட்டார்கள். 'இவ்விடம் ஆய்வில் உள்ளது' என்று அதில் எழுதியிருந்தது. மலையில் இப்படிப் பலகை நட்ட இடத்துக்குள் அதற்கப்புறம் ஆடு மேய்க்கக்கூட விடமாட்டார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். அதனால் அடங்கிப் படுத்துக்கொண்டார்.

நாட்கள் போயின. தங்கச்சி வரவில்லை. கழகத்தார் மட்டும் தினமும் வந்தார்கள். காலையில் ரோசம் கூடுதலாக இருக்கிறதா, சாப்பிட்டபின் குறைகிறதா என்று கேட்டார்கள். கண்ணாயி ஒரு நாள் மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தபோது, தகவலாளிக்குப் பிடித்த பண்டம் எதுவும் செய்யக் கூடாது, மனம் இளகிவிடும் என்று தேவராஜ் குழம்பை ருசி பார்த்துக்கொண்டே கண்டித்தார். மிச்சத்தையும் அவரே சாப்பிட்டார். கண்ணாயிக்கு வந்த ஆத்திரத்தில் அகப்பையை வீசியிருப்பாள். கவர்ன்மெண்டு ஆளாச்சே என்று பொறுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பயம் வேறு விஷயத்தில். "ஏனுங்க, நீங்களாப் போயிட்டு வாங்க" என்றாள் புருஷனிடம். "கல்யாணம் நெருங்குது. மாமன் வரலைன்னா என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமல்ல?"

தெரியும். தாய்மாமன் செத்துப்போன பெண்ணுக்கு, ஓர் உலக்கைக்கு வேட்டி கட்டி மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவார்கள். பெண் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மணவறை ஏறும். உயிரோடு இருக்கிற மாமனுக்கு உலக்கை நிறுத்தியதாகக் கேள்விப்பட்டதில்லை.

"கூப்புடாம எப்படிப் போறது?" என்றார் செல்லமுத்து. "மாப்ள ஒருதரம் வந்தாரு. அதோட விட்டுட்டாரே. பாவாயி ஒரு எட்டு வந்து பாத்தாளா? அண்ணன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க." அதுவரை முறைக்காக இருந்த ரோசம் அன்றைக்குத்தான் நிஜமாகவே அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

வல்லுநர் குழு வருகிற தேதி கல்யாணத் தேதியாகவே அமைந்தது. "அன்னிக்கு முகூர்த்தமுங்க" என்று செல்லமுத்து கெஞ்சினார்.

"மிகவும் நல்லது," என்றார் இயக்குநர். "உணர்வு உச்சத்தில் இருக்கும்."

அன்று காலை செல்லமுத்துவின் முற்றத்தில் சாமியானா போட்டார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். கண்ணாயி விடிகாலையிலேயே கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் வாசற்படியில் நின்றாள். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் மேளம் கேட்டது. குழுத் தலைவர் உள்ளிட்ட பெரியவர்கள் மெதுவாக இறங்கி, மெதுவாக மோர் குடித்து, மெதுவாக உட்கார்ந்தார்கள்.

முதலில் பொன்னாடை. ஏற்பாடு தேவராஜ். தலைவருக்குப் போர்த்தினார், உறுப்பினர்களுக்குப் போர்த்தினார், தனக்கும் ஒருவரைவிட்டுப் போர்த்திக்கொண்டார். கையில் வேறு ஆடை இல்லை. இயக்குநர் தலையைச் சற்று முன்னால் நீட்டியபடி காத்திருந்தார். "அடுத்ததாக வரவேற்புரை" என்றார் தேவராஜ்.

இயக்குநர் எழுந்தார். உதடு துடித்தது. "எனக்கு ரோசம், கோபம் எல்லாம் கிடையாது. ஆராய்ச்சியாளனுக்கு அவை ஆகாது. பொன்னாடையை நான் துணியாகத்தான் பார்க்கிறேன். ஆனால் மரபு என்று ஒன்று இருக்கிறது. இந்தக் கழகத்துக்கு நான்தான் இயக்குநர் என்பதை நானே சொல்ல வேண்டிய நிலை வந்திருப்பது, என்னை அல்ல, தமிழை அவமதிப்பது!" என்றார். நடந்து போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப் கிளம்பியது. ஆனால் தூரமாகப் போகவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வளைவில் போய் நின்றது.

"என்ன ஆயிற்று அவருக்கு?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"தலைசுற்றல். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை," என்றார் தேவராஜ்.

செல்லமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. "போய் ஒருதரம் கூப்புடுங்க சார். பாவம், பாத்துக்கிட்டே இருக்காரு" என்றார்.

தேவராஜ் ஓர் ஆளை அனுப்பினார். ஆள் திரும்பி வந்து, "வரமாட்டேங்கிறார்" என்றான்.

"மொதல்ல அப்படித்தானுங்க சொல்லுவாங்க. இன்னொருக்காப் போங்க."

"வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்றுதான் பொருள். அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்," என்றார் தேவராஜ். வளைவில் ஜீப் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டே நின்றது. பிறகு காரவள்ளிப் பக்கம் இறங்கிவிட்டது. ரோசத்தைப் பார்ப்பதற்கென்றே அத்தனை தூரம் வந்திருந்த ஐந்தாறு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டு மோர் குடித்தார்கள்.

மேளச் சத்தம் இப்போது உரக்கக் கேட்டது. செல்லமுத்து நாற்காலியில் நெளிந்தார். இடைஞ்சல் ஒழிந்த மகிழ்ச்சியில் தேவராஜ் அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார்.

"தரவைத் தூய்மையாக வைத்திருக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தகவலாளியைச் சமாதானப்படுத்த வெளியாட்கள் முயன்றார்கள். ஒரு பெண்மணி வெற்றிலைத் தட்டோடு வந்தார். அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே அழுகை. நான் பாதையிலேயே தடுத்தேன். உங்கள் அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அது பதிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். மறுநாளும் வந்தார். கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் 'மாமா, மாமா' என்று இங்கே கேட்கும்படி கத்தப் பார்த்தது. அவர் உங்களைப் பார்க்க விரும்பவில்லை என்று நானே சொல்லி அனுப்பிவைத்தேன். களப்பணியில் இப்படிச் சமயோசிதம் தேவைப்படுகிறது."

உறுப்பினர்கள் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார்கள்.

செல்லமுத்து எழுந்து நின்றார். அவருக்குத் தேவராஜின் பொன்னாடையைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விட வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்கு நேரம் இல்லை.

"உட்காருங்கள்! எழுந்தால் தரவு கெட்டுவிடும்!" என்று தேவராஜ் கத்தினார்.

"கெட்டு நாசமாப் போவட்டும்!" என்றார் செல்லமுத்து. உள்ளே ஓடி வெற்றிலையும் பாக்கும் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு பள்ளத்தை நோக்கி இறங்கினார். கண்ணாயி அவருக்கு முன்னால் பாதி வழி போயிருந்தாள். காலியான நாற்காலியைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, கொல்லிமலையில் இச்சொல் வழக்கில் இல்லை எனத் தெரிவதால் அடுத்த மலையில் தேடலாம் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

மேடேறி வருவதற்குள் கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்துவிட்டது. பந்தலில் நுழைந்தபோது மணவறைக்குப் பக்கத்தில் உலக்கை நின்றுகொண்டிருந்தது. கரை வேட்டி கட்டி, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம் வைத்திருந்தார்கள்.

செல்லமுத்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தட்டைக் கையில் ஏந்தி வாசலில் நின்றார். கூப்பிட வேண்டியவர் இப்போது அவர்தான்.

பாவாயி பார்த்துவிட்டாள். "எதுக்கு வந்தீங்க?" என்று அலறினாள். "என் ஊட்டு வாசலை மிதிக்காதீங்க! எம்புள்ளையைத் தொண்டை கிழியக் கத்த உட்டீங்களே! போங்க!" ராசாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு தூணோரம் போய் நின்றார்.

செல்லமுத்துவுக்கு உயிர் வந்தது. திட்டுகிறாள். போ என்கிறாள். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். இந்த இரண்டு பேரையும் நாளைக்கே வந்து கூப்பிட்டுக்கொள்ளலாம். மாட்டேன் என்றால் மறுநாளும் வரலாம். அழுகிற தங்கச்சியைத் தாண்டி அவர் கண் விஜயாவைத் தேடியது.

மாமன் சந்தைக்குப் போய்விட்டு வளையல் வாங்காமல் வந்தால்கூடப் பேசாமல் மூலையில் உட்காருகிற பெண் அது. வேறு எல்லோரையும் 'ங்க' போட்டுப் பேசினாலும் அவரிடம் மட்டும் 'வா மாமா, போ மாமா'தான். முகத்தைத் திருப்பிக்கொள்வாள், காறித் துப்புவாள், கிட்ட வராதே என்பாள் என்று தயாராக நின்றார். கழுத்தில் புதுத் தாலியோடு விஜயா நேராக அவரிடம் நடந்து வந்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். முகத்தில் அழுகை இல்லை, கோபம் இல்லை. பந்தலில் இருந்த கீழ்நாட்டுக்காரர்களிடமெல்லாம் காலையிலிருந்து சிரித்த அதே சிரிப்பு இருந்தது.

"வாங்க. இருந்து சாப்பிட்டுப் போங்க."

"கண்ணு, ஒரு வார்த்தை திட்டிப்புடு சாமி" என்றார் செல்லமுத்து.

"உங்களை எதுக்குங்க திட்டறேன்?" என்று கேட்டுவிட்டு, விஜயா அடுத்து வந்தவர்களைக் கும்பிடப் போனாள்.